மறு: மலேரியா மருந்துச் சோதனையில் ‘மீள்நோய்’

நண்பர்களுக்கு வணக்கம்.

> காய்ச்சல் திரும்பி வந்தால் ‘மீள்நோய்’ என்று சொல்லிவிட்டுப் போகலாமே. மூன்று சொல் எதற்கு?

பேச்சில் போகலாம். மருந்துச் சோதனை அறிக்கையைத் தமிழில் எழுதும்போதுதான் இடிக்கிறது. மலேரியா மூன்று வழியில் திரும்பும். மருந்துக்குத் தப்பிய ஒட்டுண்ணி இரத்தத்திலேயே மறுபடி பெருகலாம். வைவாக்ஸ் என்ற ஒட்டுண்ணி வகை என்றால், கல்லீரலில் உறங்கிக் கிடந்த ஒட்டுண்ணி விழித்துக்கொள்ளலாம். இல்லையா, புதிதாக ஒரு கொசு கடித்திருக்கலாம்.

மூன்றையும் ஒரே பெயரில் அடைத்தால் எந்த மருந்து தோற்றது என்றே தெரியாது. பால்சிபாரம் என்ற இன்னொரு ஒட்டுண்ணி வகைக்கு ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்துகளைச் சோதிக்கும்போது நோயாளியை 28 அல்லது 42 நாள் தொடர்ந்து கவனிக்கிறார்கள். காய்ச்சல் திரும்பினால், முதல் நாள் இரத்தத்தில் இருந்த ஒட்டுண்ணியின் மரபணுவோடு இப்போதையதை ஒப்பிடுகிறார்கள். ஒத்துப்போனால் மருந்தின் மேல் பழி. வேறாக இருந்தால் கொசுவின் மேல். வைவாக்ஸில் இந்தக் கணக்கு சரிப்படாது, கல்லீரலிலிருந்து எழுவது வேறு மரபணு வகையாகவும் இருக்கலாம்.

அங்கேதான் டாஃபெனோகுயின் என்ற மருந்து வருகிறது. 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 14 நாள் பிரைமாகுயின் விழுங்க வேண்டிய இடத்தில் ஒரே வேளை 300 மி.கி. உறங்குவதைக் கொல்வதற்கென்றே கொடுப்பது. (ஜி6பிடி நொதி குறைந்தவர்களுக்கு இரண்டுமே ஆபத்து, அதைத் தனி இழையில் பேசலாம்.)

‘மீள்’ எனக்குப் பிடிக்காததற்கு இன்னொரு காரணம், நோயிலிருந்து மீண்டார் என்றால் நமக்குக் குணமானார் என்றுதானே பொருள்! கல்லீரலில் உறங்கியது விழிப்பதற்கு வந்த ‘உறக்க மீட்சி’ என்ற முன்மொழிவும் தூக்கம் வராதவருக்குத் தூக்கம் வந்த மாதிரி இருக்கிறது.

என் பரிந்துரை: கல்லீரலில் உறங்கும் ஒட்டுண்ணியான ஹிப்னோசோயிட்டுக்குத் ‘துயிலுயிரி’, அது விழித்து நோய் வந்தால் ‘துயிலெழுச்சி’. இரத்தத்தில் எஞ்சியது கிளம்பினால் ‘எஞ்செழுச்சி’. ‘எச்சக்கிளர்ச்சி’யைப் பார்த்தவர்களுக்குக் காக்கைதான் நினைவுக்கு வருகிறது, அதனால் விட்டேன். கொசுவால் வருவதற்கு ‘மறுதொற்று’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது, தொட வேண்டாம்.

ஒரு சிக்கல் பாக்கி. டாஃபெனோகுயின் சோதனையில் ஆறு மாதம் வரை காய்ச்சல் திரும்பாமல் இருந்தவர்களைத்தான் எண்ணினார்கள். திரும்பியது எந்த வழியில் என்று உறுதியாகப் பிரிக்க முடியாதே. எனவே மூன்றுக்கும் பொதுவாக ஒரு சொல்லும் வேண்டும். ‘மறுவரவு’ என்று வைக்கலாமா? விருந்தாளியை அழைப்பதுபோல் இருக்கிறது என்று தோன்றினால் வேறு சொல் தாருங்கள்.