அமெரிக்காவிலிருந்து வந்த இகுவானா விளக்கு செட்டை ஸ்லைடர் ஆமைக்குப் போடலாமா?

பிடோக்_நார்த்

வணக்கம். சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, எட்டாவது மாடி. 90 × 45 × 45 செ.மீ. கண்ணாடித் தொட்டியில் ஒரு ரெட்-இயர்டு ஸ்லைடர், ஓட்டின் நீளம் 11 செ.மீ. தொட்டி ஹாலில், ஜன்னலுக்குப் பக்கத்தில். ஏர்கான் கிடையாது. பகலில் தண்ணீர் 30 டிகிரி வரை போகிறது, இரவில் 28.

அமெரிக்காவில் இகுவானா (மரத்தில் ஏறும் பெரிய பல்லி வகை) வளர்த்த உறவினர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விளக்கு செட்டைக் கொடுத்துவிட்டார். 160 வாட் மெர்குரி வேப்பர் பல்பு ஒன்று, 100 வாட் செராமிக் ஹீட்டர் ஒன்று, 24 வாட் டி5 எச்ஓ (மெல்லிய, அதிக வெளிச்சம் தரும் வகை) 10.0 யூவிபி டியூப் (புற ஊதா-பி கதிர் தருவது, 10.0 அதன் வீரியம்) அதைத் தாங்கும் பட்டியோடு. எல்லாவற்றிலும் 120 வோல்ட் என்று போட்டிருக்கிறது. பிளக் அடாப்டர் மாட்டினால் போதுமா? ஆமைக்கு இவ்வளவும் தேவையா, ஜன்னல் வெளிச்சமே போதுமா? தண்ணீருக்கு ஹீட்டர் வேண்டும் என்று கடையில் சொன்னார்கள்.

பி.கு.: செட் இருக்கிறதே, இகுவானாவும் ஒன்று வாங்கலாம் என்கிறான் தம்பி.

மூணுபின்

அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. நம்ம ஊர் 230 வோல்ட். 120 வோல்ட் செராமிக் ஹீட்டரை அதில் செருகினால் வோல்டேஜ் ஏறக்குறைய இரண்டு மடங்கு, வாட் மூன்றரை மடங்குக்கு மேல். 100 வாட் சாமான் 360 வாட் இழுக்கப் பார்த்து, கம்பி அறும் அல்லது ஹோல்டர் கருகும். மெர்குரி வேப்பர் பல்புக்குள்ளேயே பேலஸ்ட் (கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் உறுப்பு) வேலையைச் செய்யும் இழை இருக்கிறது, அதற்கும் இதே கதிதான். இரண்டையும் ஓரமாக வையுங்கள். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி ஓட்டலாம்தான், ஆனால் பெட்டி விலைக்கு இங்கேயே புது விளக்கு வந்துவிடும்.

டியூப் மட்டும் பிழைக்கும். டி5 டியூபுக்கு சுவர் வோல்டேஜ் தெரியாது, அதற்குள் ஓடும் கரன்ட்டை பேலஸ்ட்தான் தீர்மானிக்கிறது. அதனால் அமெரிக்கப் பட்டியைத் தூக்கிப்போட்டு, 230 வோல்ட் பேலஸ்ட் உள்ள 24 வாட் டி5 எச்ஓ பட்டியில் அதே டியூபை மாட்டலாம். வாங்கும்போது ஒன்று கவனிங்க. 14 வாட் டி5 டியூபும் இதே 55 செ.மீ. நீளம்தான். சமையலறை கேபினட்டுக்கு விற்கிற பட்டி பெரும்பாலும் அந்த 14 வாட் வகை. உங்கள் டியூப் அதில் அளவாக உட்காரும், எரியவும் செய்யும், ஆனால் மங்கலாக எரியும், யூவிபியும் குறைந்துவிடும். பட்டியின் மேல் 24 வாட் என்று எழுதியிருப்பதைக் கண்ணால் பார்த்து வாங்குங்க.

தண்ணீர் பக்கத்தில் மின்சாரம் என்பதால் இன்னும் இரண்டு விஷயம். பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் 3 ஆம்பியருக்கு மாற்றுங்க, விளக்குக்கு அதுவே தாராளம். வயர் சாக்கெட்டுக்குப் போகும் முன் ஒரு தொங்கல் கீழே இறங்கி மேலே ஏறட்டும், வழிகிற தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது. வீட்டு டிபி பெட்டியில் (மெயின் ஸ்விட்ச் பெட்டி) 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்று பாருங்க. எரிசக்திச் சந்தை ஆணைய விதிப்படி 2025 ஜூலைக்குள் எல்லா வீட்டிலும் அது இருந்திருக்க வேண்டும். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அந்த ஸ்விட்ச் விழ வேண்டும்.

ஓட்டுக்காரன்

முதலில் தம்பி விஷயம். சிங்கப்பூரில் இகுவானா வளர்க்க அனுமதி இல்லை. வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று தேசியப் பூங்காக் கழகம் அனுமதிக்கிற ஊர்வனவே ஓரிரண்டுதான், உங்கள் ஸ்லைடர் அதில் ஒன்று. மேற்கே சில இடங்களில் திரிகிற இகுவானாவைப் பிடித்து வந்து வளர்ப்பதும் கூடாது. அதே மாதிரி, ஸ்லைடர் பெரிசாகிவிட்டது என்று குளத்தில் விடுவதும் குற்றம்.

இனி விளக்கு. வெளிநாட்டு வழிகாட்டிகள் பாதிப் பக்கத்தை வெப்பத்துக்கே ஒதுக்கும், ஏனென்றால் அங்கே குளிர். இங்கே வெப்பம் கேட்காமலே கிடைக்கிறது. வீட்டுக்குள் கிடைக்காதது யூவிபிதான், கால்சியத்தை உடம்பில் சேர்க்க உதவுகிற கதிர் அது. ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடும், யூவிபியை நிறுத்திவிடும். ஆக ஜன்னலோரம் வைத்தால் ஆமைக்கு வேண்டியது வராது, வேண்டாத சூடு மட்டும் வரும். தொட்டியை அங்கிருந்து நகர்த்துங்கள். தொட்டி மேல் கண்ணாடி மூடி போட்டு அதன் மேல் டியூப் வைப்பதும் அதே கதை. தெளிவான பிளாஸ்டிக் மூடியும் பெரும்பாலும் தடுத்துவிடும். கம்பிவலை பரவாயில்லை, ஆனால் கண் நெருக்கமாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேலும் தின்றுவிடும்.

உங்கள் 10.0 டியூப் மரத்தில் ஏறும் இகுவானாவுக்கு ஏற்றது, ஆமைத் தொட்டிக்குக் கொஞ்சம் வீரியம் கூடுதல். 45 செ.மீ. உயரத் தொட்டியில், ஆமை ஏறிக் காய்கிற மேடை தண்ணீர் மட்டத்துக்கு மேல் இருப்பதால் டியூபுக்கும் ஓட்டுக்கும் இடைவெளி சுருங்கிவிடும். 10.0 என்றால், பிரதிபலிப்பான் உள்ள பட்டியில், நடுவே வலை இல்லாமல், ஓட்டின் மேற்பகுதியிலிருந்து சுமார் 40 செ.மீ. வேண்டும். 5.0 அல்லது 6 சதவீதம் என்றால் 25 முதல் 30 செ.மீ. ஓட்டின் மேல் யூவி குறியீடு 3 அளவில் வருவதுதான் நோக்கம். தொட்டிக்கு மேல் தாங்கி வைத்து உயர்த்த முடியாதென்றால் 5.0 வாங்குவதே நல்லது. தூரத்தை மேடையிலிருந்து அளக்காதீர்கள், ஆமையின் முதுகிலிருந்து அளங்கள். 11 செ.மீ. ஆமைக்கே அதில் நாலைந்து செ.மீ. வித்தியாசம் வரும்.

டியூப் எத்தனை மாதம் எரிந்தது என்று உறவினரைக் கேளுங்கள். டி5 சுமார் 12 மாதத்தில் மாற்ற வேண்டியது. அதற்குப் பிறகும் பளிச்சென்றுதான் எரியும், யூவிபி மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் குறைந்திருக்கும். யூவிபியைச் சோதிக்க விற்கிற நிறம் மாறும் அட்டையை நம்பாதீர்கள், யூவிஏ (வேறு வகைப் புற ஊதாக் கதிர்) பட்டாலே அது நிறம் மாறிவிடும்.

டியூபின் வெளிச்சம் மேலிருந்துதான் விழ வேண்டும். பக்கவாட்டில் சாய்த்தால் கண்ணுக்குள் நேராகப் போகும். மேலிருந்து வந்தால் புருவ மேடு மறைத்துக்கொள்ளும். 90 செ.மீ. தொட்டிக்கு 55 செ.மீ. டியூபை மேடை இருக்கும் பக்கமாகத் தள்ளி வைத்தால், மறுபக்கம் தானாகவே நிழலாகிவிடும். அது கட்டாயம் வேண்டும்.

சூட்டுக்கு 35 அல்லது 50 வாட் ஹாலஜன் ஃபிளட் பல்பு, 230 வோல்ட், ஈ27 பீங்கான் ஹோல்டரில். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும். மேடையின் மேற்பரப்பு 32 முதல் 35 டிகிரி. அறை ஏற்கெனவே 30 என்பதால் மிச்சம் இரண்டு முதல் ஐந்து டிகிரிதான், 75, 100 வாட் பல்பெல்லாம் இந்த ஊருக்கு அதிகம். பல்பை 30 செ.மீ. உயரத்தில் ஆரம்பித்து, அரை மணி நேரம் கழித்து அகச்சிவப்பு வெப்பமானியால் மேடையின் சூட்டை அளந்து பார்த்து ஏற்றி இறக்குங்கள். தொட்டியில் ஒட்டுகிற வெப்பமானிப் பட்டை கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும். எல்இடி பல்பு மேடையைச் சூடாக்காது. செராமிக் ஹீட்டர் சூடு தரும், வெளிச்சம் தராது, ஆமை வெளிச்சத்தைத் தேடித்தான் மேலே ஏறுகிறது. பல்பைத் தண்ணீர் தெறிக்காத இடத்தில் மாட்டுங்கள், சூடான கண்ணாடியில் ஒரு சொட்டு பட்டால் வெடிக்கலாம்.

தண்ணீர் ஹீட்டரைக் கடைக்காரரே வைத்துக்கொள்ளட்டும். தண்ணீர் 24 முதல் 28 டிகிரி போதும். இரவு முழுக்க ஏர்கான் ஓடுகிற படுக்கையறையில் தொட்டி இருந்தால்தான் அந்தப் பேச்சே.

பிடோக்_நார்த்

ரொம்ப நன்றி. இன்னும் இரண்டு. மேடை இருந்தும் ஆமை ஏறுவதே இல்லை, எந்நேரமும் தண்ணீரில்தான். பால்கனி மாதிரி சர்வீஸ் யார்டில் காலை வெயில் வருகிறது, அங்கே ஒரு டப்பில் விட்டால் டியூபே தேவைப்படாதா?

நீர்மட்டம்

ஏறாததற்குக் காரணம் உங்கள் முதல் பதிவிலேயே இருக்கிறது: தண்ணீர் 30. உடம்பைச் சூடேற்றத்தான் ஆமை கரையேறும். தண்ணீரே சூடாக இருந்தால் அதற்கு என்ன அவசரம்? ஜன்னலை விட்டு நகர்த்தி, தொட்டிக்குள் ஓடுகிற பம்ப் இருந்தால் அதை வெளி ஃபில்டராக மாற்றிப் பாருங்க, உள்ளே மூழ்கிய மோட்டாரின் சூடு முழுக்கத் தண்ணீருக்குத்தான் போகும். நீர்ப்பரப்பின் மேல் சின்ன விசிறி ஒன்று ஓடினாலும் ஒன்றிரண்டு டிகிரி இறங்கும், ஆனால் நம்ம ஈரப்பதத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்காதீங்க. விசிறிக் காற்று மேடையில் படக்கூடாது. ஈர உடம்போடு ஏறுகிற ஆமைக்கு அது குளிரும்.

மற்ற காரணங்களும் உண்டு. சரிவு செங்குத்தாக இருக்கும், பரப்பு வழுக்கும் (சொரசொரப்பான தரை ஓடு (டைல்) அல்லது கார்க் பலகை வையுங்க), மேடை ஆமையின் எடைக்குச் சாயும், அல்லது மேற்பரப்பு 38, 40 டிகிரியாகி வயிறு சுடும். முழு உடம்பும் காயும் அளவுக்கு மேடை தண்ணீருக்கு வெளியே இருக்க வேண்டும். பாதி நனைந்தபடியே கிடந்தால் ஓட்டில் அழுகல் வரும். ஆள் நடமாட்டம் இருக்கிற ஹாலில், நீங்கள் பார்க்கும்போது குதித்துவிட்டு, பார்க்காதபோது ஏறுகிற ஆமைகளும் நிறைய. பழைய போனை வைத்து ஒரு நாள் பதிவு செய்தால் தெரிந்துவிடும்.

வெயில் பற்றி ஓட்டுக்காரன் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். நேரடி வெயிலை எந்த டியூபும் மிஞ்சாது. ஆனால் சிங்கப்பூர் நண்பகலில் யூவி குறியீடு 10ஐத் தாண்டுவது சாதாரணம், சின்ன டப்பில் உள்ள தண்ணீர் சூடாகவும் நேரமாகாது. காலை ஒன்பது மணிவாக்கில் 20, 30 நிமிடம் போதும். தேசியச் சுற்றுப்புற வாரியம் பகலில் மணிக்கொரு முறை யூவி குறியீட்டை வெளியிடுகிறது, அதைப் பார்த்து முடிவெடுங்க. டப்பில் பாதிக்குக் கட்டாயம் நிழல், மேலே காக்கைக்கும் பூனைக்கும் வலை, பக்கத்திலேயே நீங்கள். காரிடாரில் வைத்துவிட்டு உள்ளே போகாதீங்க. மழைக்கால மாதங்களில் நாள்கணக்கில் வெயில் முகமே காட்டாது, ஆகவே டியூப் இருக்கட்டும், வெயில் கூடுதல். டப்பு தண்ணீரை முடிந்தவுடன் கொட்டிவிடுங்க, கொசு.

ஒன்று கேட்க வேண்டும்: இதுவரை யூவிபி இல்லாமலா வளர்ந்தது? ஓட்டின் விளிம்பை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்க. குஞ்சுக்குக் கொஞ்சம் நெகிழ்வு இருக்கும், 11 செ.மீ. ஆமைக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். அமுங்கினால் விளக்கு வாங்கிச் சரிசெய்யப் பார்க்காதீங்க, ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் போங்க. விளக்கு கால்சியத்தை உடம்பில் சேர்க்க உதவும், கால்சியத்தைத் தராது. காய்ந்த இறால் மட்டும் போட்டு வளர்த்தால் எந்த டியூபும் காப்பாற்றாது. பறவைக்கு விற்கிற கணவாய் ஓட்டில் ஒரு துண்டு, பின்பக்கக் கெட்டித் தகட்டைச் சீவிவிட்டு, மிதக்க விடுங்க. கண் வீங்கியிருந்தால் பெரும்பாலும் அது வைட்டமின் ஏ குறைவு, டியூபைக் குற்றம் சொல்லாதீங்க. ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தால், மூக்கில் குமிழ் வந்தால், அது நுரையீரல், அன்றைக்கே டாக்டர்.

மூணுபின்

ஒன்று விட்டுப்போச்சு. டியூபும் ஹாலஜனும் ஒரே டைமரில் காலை 7 முதல் இரவு 7 வரை, நம்ம ஊர்ப் பகலும் அவ்வளவுதான். முள் தள்ளுகிற பழைய மெக்கானிக்கல் டைமரே போதும், ஆனால் மின்சாரம் போய் வந்தால் அது பின்தங்கிவிடும், மாதத்துக்கு ஒரு தடவை மணியைச் சரிபாருங்க. ஹாலஜனுக்கு டிம்மர் போட்டு 50 வாட்டைக் குறைக்கலாம். அதே டிம்மரில் யூவிபி பட்டியை மட்டும் மாட்டிடாதீங்க, பேலஸ்ட் போய்விடும்.