30 நாள் நெல், 7 நாள் வெள்ளத்தில்: உழுவதா, காப்பாற்றுவதா?

ஏர்முனை: நட்டு 30 நாளான நெல் 7 நாள் முழுசாக மூழ்கிவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார்கள். உழுதுவிட்டு மறுபடி நடுங்கள் என்பேன். மூழ்கிய பயிர் தண்டில் சேர்த்த மாவுச்சத்தைத் தின்றுதான் உயிரைப் பிடித்திருக்கும். அது தீர்ந்தபின் எழுந்தாலும் தூர் (அடியிலிருந்து வெடிக்கும் பக்கக் கிளை) கட்டாது. தேறுமா என்று காத்திருந்து தாமதமாக நட்டால் பூப்பும் தள்ளிப்போகும். அந்த நேரம் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மணி பிடிக்காமல் பதர்தான் மிஞ்சும்.

வரப்புயர: நாள் கணக்கை மட்டும் வைத்து முடிவு சொல்லாதீங்க சார். தெளிந்து ஓடும் நீரில் 7 நாள் கிடந்த பயிரும், கலங்கித் தேங்கிச் சூடேறிய நீரில் 7 நாள் கிடந்த பயிரும் ஒன்றா? கலங்கலில் வெளிச்சமும் போகாது, ஆக்சிஜனும் இருக்காது. ரகமும் முக்கியம். 2009இல் இந்தியாவில் வெளியான சுவர்ணா சப்1 சுமார் இரண்டு வாரம் தாங்கும்.

வயலில் இறங்கிப் பத்து இடத்தில் குத்தை (ஓரிடத்தில் நட்ட பயிர்க் கொத்தை)ப் பிடுங்கி, அடித்தண்டை பிளேடால் நெடுக்கே கீறிப் பாருங்கள். குருத்து வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பேறிக் கொழகொழத்து நாறினால் செத்தது. இலை முழுக்கக் கருகியிருந்தாலும் குருத்து நன்றாக இருந்தால் பயிர் வரும்.

ஏர்முனை: குருத்து வெள்ளையாக இருப்பது போதுமா? வேர் கறுத்து அழுகின முட்டை நாற்றம் அடித்தால்?

வரப்புயர: அது காற்றில்லாத மண்ணில் உண்டாகும் சல்பைடு. மண்ணுக்குக் காற்று போக வேண்டும். தண்ணீரை வடித்து, மயிரிழை வெடிப்பு தெரிகிற அளவுக்குக் காயவிடுங்கள்.

மடைத்திறப்பு: இங்கேதான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள். வெள்ளத்திலிருந்து வந்த இலைக்கு வெயில் தாங்காது. வேரும் தண்ணீரை இழுக்காத நிலையில் ஒரே நாளில் சுருண்டுவிடும். கொளுத்துகிற வெயிலென்றால் முதல் இரண்டு மூன்று நாள் 2 செ.மீ. நீர் நிற்கட்டும், பிறகு காயவிடலாம். இலையில் வண்டல் படிந்திருந்தால் வெறும் தண்ணீரை விசைத்தெளிப்பானில் அடித்துக் கழுவுங்கள்.

யூரியாவை உடனே வீசாதீர்கள்! வேலை செய்யாத வேருக்கு அது போய்ச் சேராது. 5 முதல் 7 நாளில் புது இலையும் வெள்ளை வேரும் தெரிந்தபின், ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் பிண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். பயிர் வெளுத்திருந்தால் 200 லிட்டர் நீரில் 2 கிலோ யூரியா, 1 கிலோ துத்தநாக சல்பேட் கரைத்து இலைவழி தெளிக்கலாம்.

ஏர்முனை: ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எத்தனை குத்து பிழைத்தால் வைத்துக்கொள்வது? அந்த எல்லையைச் சொல்லாமல் "காத்திருங்கள்" என்பது விவசாயியின் பருவத்தைத் தின்றுவிடும்.

வரப்புயர: பாதிக்கு மேல் பிழைத்து, சாவும் பரவலாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். தூர் கட்டிய குத்திலிருந்து 2, 3 தூரைப் பிரித்து பாடுவாசி (செத்த குத்து விட்ட இடைவெளி) நிரப்புங்கள், வயதும் ஒத்துப்போகும். பள்ளத்துப் பக்கம் மொத்தமாகச் செத்திருந்தால் அதை மட்டும் உழுங்கள்.

ஏர்முனை: பாதிக்குக் கீழே என்றால் நான் சொன்னதுதான். நாற்றுக்குக் காத்திருக்காமல், 105 முதல் 110 நாள் ரகத்தின் முளைகட்டிய விதையைச் சேற்றில் நேரடியாக விதைக்கலாம். மறுபடி மழை வருமென்றால் வடிகால் வெட்டாமல் விதைக்காதீர்கள், தேங்கின நீரில் விதை அழுகிவிடும். காப்பீடு இருந்தால் தகவல் கொடுத்து, படம் எடுத்து, ஆய்வு முடிந்தபிறகே ஏரை இறக்குங்கள்.