மனைவி வெளிநாடு போகக் கணவர் கையெழுத்து எதற்கு?

செந்தூல் செல்வி:
2015இல் நம்ம மலேசியாவின் நீலாய் நகரில் ஆசியப் பெண்கள் ஃபுட்சால் (உள்ளரங்கக் கால்பந்து) போட்டி நடந்தது. கோப்பை ஈரானுக்கு. ஆனால் அணித்தலைவி நிலூஃபர் அர்தலான் வரவே இல்லை. கடப்பிதழைப் (பாஸ்போர்ட்டை) புதுப்பிக்கக் கணவர் சம்மதிக்கவில்லை. கல்யாணமான பெண்ணுக்குக் கணவரின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்பது ஈரான் சட்டம். நம் ஆட்களே சிலர் இதைச் சரி என்கிறார்கள், அதுதான் எரிச்சல்.

பட்டர்வொர்த் வாசு:
அந்தச் சிலரில் நானும் ஒருவன், தங்கச்சி. மகன் முதல்நாள் பள்ளிக்குப் போகும்போது அம்மா உடன் இருக்கட்டும் என்றுதான் அவர் மறுத்ததாகச் செய்தி வந்தது. அப்புறம், கல்யாண ஒப்பந்தத்திலேயே பயண அனுமதியை எழுதி வாங்கிக்கொள்ளலாமே!

செந்தூல் செல்வி:
அண்ணே, ஆண் யாரிடம் எழுதி வாங்குகிறான்? அதே ஆண்டு நவம்பரில் குவாத்தமாலாவில் நடந்த போட்டிக்கு, அந்த ஒருமுறை மட்டும் போகலாம் என்று அரசு வழக்கறிஞர் அனுமதி கொடுத்த பிறகுதான் நிலூஃபரால் போக முடிந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரவி:
குடிமை, அரசியல் உரிமைகளுக்கான அனைத்துலக ஒப்பந்தத்தை ஈரான் 1975இலேயே ஏற்றுக்கொண்டது. அதன் 12ஆவது விதிப்படி எவரும் எந்த நாட்டை விட்டும் வெளியேறலாம். பெண் வெளியேற ஓர் ஆணின் சம்மதம் கேட்பது அந்த விதியை மீறுவது என்று ஐநா மனித உரிமைக் குழு 1999இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. மலேசியா அந்த ஒப்பந்தத்தில் இன்னும் சேரவில்லை. ஆனாலும் இங்கே கடப்பிதழ் எடுக்க மனைவிக்குக் கணவர் கையெழுத்து தேவையில்லை.

பட்டர்வொர்த் வாசு:
ஏற்றுக்கொண்ட நாடு தடுக்கிறது, சேராத நாடு விடுகிறது. அப்புறம் அந்தக் காகிதம் எதற்கு?

பிரிக்ஃபீல்ட்ஸ் ரவி:
நம்மூரும் முழுசாக விட்டுவிடவில்லை. வெளிநாடு போவது அடிப்படை உரிமை இல்லை என்று லோ வாய் கோங் வழக்கில் 1979இல் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. 2016இல் தென் கொரியாவுக்கு விருது வாங்கப் புறப்பட்ட, தேர்தல் சீர்திருத்தம் கேட்டுப் போராடிய பெர்சே அமைப்பின் தலைவி மரியா சின் அப்துல்லாவைக் குடிநுழைவுத் துறை விமான நிலையத்திலேயே நிறுத்தியது. தலைமை இயக்குநருக்கு அப்படி வரம்பற்ற அதிகாரம் கிடையாது என்று தீர்ப்பு வர 2021 ஆகிவிட்டது. தமிழ்நாட்டிலும் பாருங்கள், கடப்பிதழ் கேட்ட மனைவியிடம் கணவர் கையெழுத்தைக் கேட்டிருக்கிறார்கள். அது தேவையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025இல்தான் சொன்னது. காகிதம் இருந்தால் கேள்வியாவது கேட்கலாம்.

பட்டர்வொர்த் வாசு:
சரி, பிள்ளை சின்னதாக இருந்தால் இரண்டு பேருக்குமே துணையின் கையெழுத்து வேண்டும் என்று சட்டம் வரட்டும். நியாயம்தானே?

செந்தூல் செல்வி:
தாராளமாக! தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் ஜொகூர் ஆண்கள் மனைவியின் கடிதத்தோடு எல்லைப் பாலத்தில் வரிசை நிற்கட்டும். முதல் வாரமே அந்தச் சட்டத்தைத் தூக்கச் சொல்லி மனு போடப்போவது யார் என்று பார்ப்போம், அண்ணே.