முக்கோணத்துக்குள் 26: இந்தச் சீனத் துப்பாக்கி எந்த ஆண்டைச் சேர்ந்தது?

வெர்னியர் எழுதியது:

வணக்கம். பென்சில்வேனியாவில் எங்கள் பக்கத்து வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய அம்மையார் ஒருவர் இருக்கிறார். அவருடைய கணவர் வியட்நாம் போருக்குப் போய் 1969இல் ஊர் திரும்பியவர். இப்போது அவர் உயிருடன் இல்லை. அவர் விட்டுச் சென்ற பழைய சீனத் துப்பாக்கி ஒன்றைப் பிள்ளைகள் விற்கப் போகிறார்கள். "வியட்நாமில் கைப்பற்றியது" என்று விளம்பரத்தில் போட்டால் நல்ல விலை கிடைக்கும் என்று ஏலக்காரர் சொல்லியிருக்கிறார். உறுதியாகத் தெரியாமல் அப்படி எழுதக் கூடாது என்பதில் அம்மையார் பிடிவாதமாக இருக்கிறார். நான் தொழிற்சாலையில் உதிரிப் பாகங்களை அளந்து சரிபார்க்கும் வேலை செய்பவன். பொறித்த எண்களைப் படிப்பது பழக்கம் என்பதால் என்னிடம் கேட்டார். துப்பாக்கியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

மகன் உடனிருக்க நான் பார்த்தவை இவை. இடது பக்க இரும்பில் ஒரு சிறு முக்கோணம், அதற்குள் 26. பக்கத்தில் எட்டு இலக்க எண். முதல் இரண்டு இலக்கங்கள் 11. அதன் பின் மூன்று சீன எழுத்துகள். நடு எழுத்தில் மேலே ஒரு புள்ளி, அதன் கீழ் ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் அகட்டி வைத்த இரண்டு கால்கள். உடன் வேலை செய்யும் சீனர் ஒருவரிடம் வரைந்து காட்டினேன். "ஐந்து, ஆறு, வகை" என்று படித்தார். குழலின் அடியில் ஊசி போல நீண்ட பயனெட் (குத்துமுனை) மடங்கிக் கிடக்கிறது. துப்பாக்கியின் மரக்கட்டை செம்பழுப்பு நிறம்.

56 என்றால் 1956இல் செய்ததா? 26 எதைக் குறிக்கிறது? இது வியட்நாமிலிருந்து வந்ததா என்று முத்திரைகளை வைத்துச் சொல்ல முடியுமா?

பழந்தோட்டா:

எதற்கும் முன்னால் ஒரு வேலை. துப்பாக்கி தெரிந்த ஒருவரைக் கொண்டு போல்ட்டை (தோட்டா அறையை மூடும் நகரும் இரும்பு) பின்னுக்கு இழுத்து, தோட்டா அறையும் மேகசீனும் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) காலியா என்று கண்ணாலும் விரலாலும் சோதித்துவிடுங்கள். ஆண்டுக்கணக்கில் கிடந்தது என்பதை நம்பிக் கையில் எடுக்காதீர்கள்.

56 செய்த ஆண்டு அன்று, மாடலின் பெயர். 1956இல் சீன ராணுவம் ஏற்றுக்கொண்ட வகை என்று பொருள். 1970களில் செய்த துப்பாக்கியிலும் அதே மூன்று எழுத்துகள் இருக்கும். உங்கள் கையில் இருப்பது சோவியத் வடிவமைப்பாளர் சிமொனோவின் எஸ்கேஎஸ் என்ற கார்பைனை (குட்டையான ராணுவத் துப்பாக்கி) சீனா தன் மண்ணில் செய்தது, 7.62க்கு 39 மில்லிமீட்டர் தோட்டா, பத்துத் தோட்டா கொள்ளும் நிலையான மேகசீன்.

முக்கோணத்துக்குள் இருக்கும் 26 தொழிற்சாலையின் குறியீடு. சோங்சிங் நகரத்து ஜியான்ஷெ ஆயுதச்சாலையைக் குறிப்பது. வேறு ஆலைகளும் இதே கார்பைனைச் செய்தன. அவற்றின் எண்கள் முக்கோணம், வட்டம், சாய்சதுரம் என்று வெவ்வேறு கட்டங்களுக்குள் இருக்கும். முக்கோணத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டிவிடாதீர்கள். ரஷ்யாவின் இழெவ்ஸ்க் ஆலைக்கும் முக்கோணம்தான் சின்னம், ஆனால் உள்ளே எண்ணுக்குப் பதில் அம்பு இருக்கும்.

ஆண்டுக்கு வருகிறேன். 26ஆம் ஆலையின் ஏழு, எட்டு இலக்க எண்களில் கடைசி ஆறு இலக்கங்களை விலக்கிவிட்டு, முன்னால் மிஞ்சுவதை 1956உடன் கூட்டுவது சேகரிப்பாளர் வழக்கம். 11 என்றால் 1967. மற்ற ஆலைகளின் எண்களுக்கு இந்தக் கணக்கைப் போடக் கூடாது. பலர் வழுக்கி விழும் இடம் இது.

வன்னிமகள்:

இலங்கையில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயரில் ஒரு குழப்பம் வரும். எங்கள் பத்திரிகைகளில் "ரி-56 ரகத் துப்பாக்கி" என்று படித்துப் படித்து, 56 என்றாலே வளைந்த மேகசீனோடு கூடிய ஏகே வகைதான் கண்ணில் நிற்கும். சீனர்கள் ஒரே 56 என்ற பெயரை மூன்று ஆயுதங்களுக்கு வைத்தார்கள்: சிமொனோவின் கார்பைன், கலாஷ்னிகோவின் தாக்குதல் துப்பாக்கி, தெக்தியாரொவின் இலகு இயந்திரத் துப்பாக்கி. மூன்றும் ஒரே தோட்டாவைச் சுடுபவை. ஆகவே எழுத்துகளைப் படித்ததும் நின்றுவிடாமல் ஆயுதத்தின் உருவத்தையும் பாருங்கள். ஏகே வகையில் முக்கோணத்துக்குள் 66, 386 ஆகிய எண்கள் அதிகம் காணப்படும்.

வெர்னியர்:

இருவருக்கும் மிக்க நன்றி. மகனின் நண்பர், துப்பாக்கி பழுதுபார்ப்பவர், வந்து பார்த்தார், காலிதான். உருவமும் நீங்கள் சொன்ன கார்பைனேதான், மேகசீன் அடியில் சிறிதாகப் புடைத்துக்கொண்டு நிற்கிறது.

1967 என்றால் கணக்குப் பொருந்துகிறது! அம்மையாரின் கணவர் 1968இலும் 69இலும் வியட்நாமில் இருந்தார். பிள்ளைகளுக்கு ஒரே மகிழ்ச்சி. அம்மையார் மட்டும் "இன்னும் ஒருமுறை கேட்டுப் பார்" என்கிறார்.

பழந்தோட்டா:

அம்மையார் சொல்வது சரி. 1967இல் செய்தது என்பதும் 1969இல் அவருடைய கணவர் கையில் இருந்தது என்பதும் வேறு வேறு செய்திகள். மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலில் எண். துருப் பிடிக்காமல் இருக்கப் பூசிய பழைய கிரீஸ் பொறிப்புக்குள் கல்லாக இறுகிக் கிடக்கும். மினரல் ஸ்பிரிட் என்ற கரைப்பான் தொட்ட மென்மையான துணியால் துடையுங்கள். கம்பித் தூரிகையோ உப்புத்தாளோ வேண்டாம். பிறகு போல்ட், போல்ட்டைச் சுமக்கும் பாகம், விசைக்காப்பு, மேகசீன், கட்டை ஆகியவற்றிலும் எண்ணைத் தேடுங்கள். ஒரே துப்பாக்கியின் பாகங்கள் என்றால் எண்கள் ஒத்துப்போக வேண்டும்.

இரண்டாவது, பயனெட்டை விரித்துவிட்டு அது மறைத்திருந்த குழலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நான் அதிகம் கவலைப்படுவது இந்த இடத்தைப் பற்றித்தான். 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பின் அமெரிக்காவுக்குள் வணிகமாக வந்த துப்பாக்கிகளில் இறக்குமதியாளரின் பெயரும் ஊரும் பொறிக்கப்பட வேண்டும். எஸ்கேஎஸ் இறக்குமதியாளர்கள் பலர் அதைக் குழலில் சின்ன எழுத்தில் பொறித்தார்கள். பயனெட் மடங்கியிருந்தால் கண்ணில் படாது.

மூன்றாவது, காகிதம். போர்ச் சின்னமாகத் துப்பாக்கி கொண்டுவந்த வீரருக்கு ராணுவம் டிடி 603-1 என்ற படிவம் கொடுத்தது. துப்பாக்கியின் எண் அதில் இருக்கும். பழைய கடிதக் கட்டுகளையும் பைபிளின் நடுப்பக்கங்களையும் தேடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கிரீஸ் துடைக்கும்போது பழுதுபார்ப்பவரிடம் போல்ட்டுக்குள் இருக்கும் சுடும் ஊசியையும் கவனிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான எஸ்கேஎஸ்களில் அதைப் பின்னுக்குத் தள்ளும் சுருள்வில் கிடையாது. இறுகிய கிரீஸில் ஊசி முன்னால் ஒட்டிக்கொண்டால் விசையைத் தொடாமலே, போல்ட் மூடும்போதே தோட்டா வெடித்துவிடலாம். போல்ட்டைக் காதருகே ஆட்டினால் ஊசி கலகலவென்று ஓட வேண்டும். விற்கப் போகிறீர்கள், வாங்குகிறவருக்கும் இது உயிர்ப் பிரச்சினை.

வெர்னியர்:

நேற்று மாலை எல்லாம் பார்த்தோம். கனமான செய்தி.

11 அன்று, 17. ஏழின் மேல்கோடு முழுவதும் கிரீஸால் அடைபட்டிருந்தது. எண்களோடு வாழ்கிற நான் இதைத் தவறவிட்டிருக்கக் கூடாது. போல்ட்டிலும் கட்டையிலும் அதே எண், அங்கே 17 தெளிவாகத் தெரிகிறது. கணக்கின்படி 1973.

பயனெட்டை விரித்ததும் குழலின் அடியில் ஆங்கிலத்தில் இரண்டு வரிகள். ஒரு நிறுவனத்தின் பெயர், அமெரிக்க ஊர் ஒன்று, "சீனா" என்ற சொல், தோட்டாவின் அளவு. சுடும் ஊசி அசையவே இல்லை. பழுதுபார்ப்பவர் பிரித்துச் சுத்தம் செய்துகொடுத்தார், இப்போது ஓடுகிறது. டிடி 603-1 படிவம் எதுவும் இல்லை.

பழந்தோட்டா:

அப்படியென்றால் கதை தெளிவு. 1973இல் செய்த துப்பாக்கியை 1969இல் கொண்டுவந்திருக்க முடியாது. இறக்குமதி முத்திரையும் அதையே சொல்கிறது. சீனாவின் அரசு ஆயுத நிறுவனமான நோரின்கோ வழியாக எஸ்கேஎஸ்கள் 1980களின் பிற்பகுதியிலும் 90களின் தொடக்கத்திலும் ஏராளமாக வந்து கடைகளில் மலிவாக விற்றன. 1994இல் கிளின்டன் அரசு சீனத் துப்பாக்கிகளின் இறக்குமதிக்குத் தடை போட்டதோடு அது நின்றது.

குழல் முத்திரையைத் தேய்த்துவிட்டால் போதும் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். வரிசை எண்ணை அழிப்பது அங்கே கூட்டாட்சிக் குற்றம். முத்திரையைத் தேய்ப்பது வாங்குகிறவரை ஏமாற்றுவது.

விலை குறையும்தான். ஆனாலும் எண்கள் ஒத்துப்போகும், மூலக் கட்டையோடு கூடிய 26ஆம் ஆலைத் துப்பாக்கியை விரும்பிச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டைக்கு வார்னிஷ் மட்டும் பூசிவிடாதீர்கள்.

வெர்னியர்:

இன்று காலை அம்மையாரிடம் சொன்னேன். மனம் உடைந்துபோவார் என்று பயந்துகொண்டே போனேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவர் ஒருநாளும் இதை வியட்நாமிலிருந்து கொண்டுவந்தேன் என்று சொன்னதில்லை, பிள்ளைகள்தான் சொல்லிக்கொண்டார்கள்" என்றார். பிறகு அவருக்கே நினைவு வந்தது. கடைசி மகன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு சனிக்கிழமை கணவர் நீளமான அட்டைப்பெட்டியோடு வந்து, சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து, கெட்டிக் கிரீஸை மாலைவரை துடைத்தாராம். அந்த வாடை ஒரு வாரம் வீட்டை விட்டுப் போகவில்லையாம். எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு, "அங்கே எதிரில் இருந்தவர்கள் கையில் இதைத்தான் பார்த்தேன்" என்று மட்டும் சொன்னாராம்.

ஏலக்காரருக்கு அனுப்ப இன்று நாங்கள் எழுதிய வரி: "சீன 56 வகை கார்பைன், 26ஆம் ஆலை, 1973, எண்கள் ஒத்தவை, குழலில் இறக்குமதி முத்திரை உண்டு." கடைசி மகன் அதைப் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைவரை அனுப்ப வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.