கோவாலாக் குட்டி தாயின் கழிவை உண்பது ஏன்?

கேள்வி: ஏறத்தாழ ஆறு மாத வயதில் கோவாலாக் குட்டி, தாய் வெளியேற்றும் குழைவான தனிவகைக் கழிவை உண்ணத் தொடங்குகிறது என்கிறார்கள். பால் கிடைக்கும்போதே இது ஏன் தேவைப்படுகிறது?

மறுமொழி 1: யூக்கலிப்டஸ் இலையின் நாரையும் டானின் எனும் துவர்ப்புப் பொருளையும் சிதைக்கும் பாக்டீரியாக்கள் அக்கழிவில் செறிந்துள்ளன, குட்டி பால்குடி மறந்து இலைக்கு மாறும் முன்பே அவை அதன் குடலில் குடியேறியாக வேண்டும்.

மறுமொழி 2: கிளமிடியா எனும் பாக்டீரியா நோய்க்கு ஆன்டிபயாடிக் பெறும் சில கோவாலாக்கள், இப்பாக்டீரியாக்களை இழந்து, இலை செரிக்காமல் மெலிந்து இறப்பதும் உண்டு. மருத்துவர்களுக்கு இது பெரும் இக்கட்டு.

மறுமொழி 3: ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலுள்ள கேப் ஆட்வேயில் 2013இல் மன்னா கம் எனும் யூக்கலிப்டஸ் மரங்கள் மொட்டையாகி, கோவாலாக்கள் பட்டினியால் மடிந்தபோதும், பெரும்பாலானவை அருகிலிருந்த மெஸ்மேட் எனும் வேறு யூக்கலிப்டஸ் வகையின் இலையை நாடவில்லை. 2019இல் வெளிவந்த ஆய்வில், மெஸ்மேட் உண்பவற்றின் கழிவு நுண்ணுயிரிகளை, மன்னா கம் உண்பவற்றுக்கு உறைமாத்திரைகளாக ஊட்டியபோது, குடல் நுண்ணுயிர்த் தொகுதி அதிகம் மாறிய கோவாலாக்களே அவ்விலையைக் கூடுதலாக உண்டன.