ஏ.பி. ஒரிஜினல்: முதல் தொகுப்புக்கு முன்னால் என்ன நடந்தது?

முகிலன்:
ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் ஹிப் ஹாப் இசையைச் சில மாதங்களாகக் கேட்டு வருகிறேன். ஏ.பி. ஒரிஜினல் என்ற இருவர் குழு, 2016 நவம்பரில் ‘ரிக்ளெய்ம் ஆஸ்திரேலியா’ என்ற முதல் தொகுப்பை வெளியிட்டு, அடுத்த மார்ச்சிலேயே ‘ஆஸ்திரேலியன் மியூசிக் பிரைஸ்’ விருதை வென்றிருக்கிறது. முதல் முயற்சியிலேயே இவ்வளவு தேர்ச்சி எப்படிக் கைவந்தது? குழுவின் பெயரில் ஏதோ சொல்விளையாட்டு இருப்பதாகவும் தோன்றுகிறது. அது எனக்குப் பிடிபடவில்லை.

தாளக்கட்டு:
குழுதான் புதிது; ஆட்கள் பழுத்தவர்கள். இருவரில் ஒருவரான பிரிக்ஸ், விக்டோரியா மாநிலத்தின் ஷெப்பர்ட்டன் ஊரைச் சேர்ந்த யோர்ட்டா யோர்ட்டா இனத்தவர். 2010-இல் ‘தி பிளாக்லிஸ்ட்’, 2014-இல் சொந்த ஊரின் பெயரையே ஒட்டி ‘ஷெப்லைஃப்’ என இரண்டு தனித்தொகுப்புகளை அதற்குள் வெளியிட்டிருந்தார். மற்றவர் ஙாரின்ஜெரி இனத்தவரான ட்ரயல்ஸ்; அடிலெய்டின் ஃபங்கோர்ஸ் குழுவில் ராப் பாடியும் இசையமைத்தும் வந்தவர். குடியும் கும்மாளமும் கிண்டலுமாகப் பாடிய அந்தக் குழுவைக் கேட்டுவிட்டு இதைக் கேட்டால் அதே ஆள்தானா என்று சந்தேகம் வரும். வெள்ளையர்களே நிறைந்திருந்த ஆஸ்திரேலிய ஹிப் ஹாப் மேடைகளில் பல ஆண்டுகள் பாடிப் பழகிய பிறகு, தங்கள் மக்களைப் பற்றி மட்டுமே பேசுவதற்கென இருவரும் இணைந்ததால்தான், நீங்கள் கேட்கும் அந்தத் தேர்ச்சி முதல் தொகுப்பிலேயே தெரிகிறது.

பெயரைப் பொறுத்தவரை, ‘அபொரிஜினல்’ என்ற சொல்லை ஆங்கில எழுத்துகளில் எழுதி, முதல் இரண்டு எழுத்துகளுக்குப் பின் புள்ளி வைத்துப் பாருங்கள்: மிஞ்சுவது ‘ஒரிஜினல்’. அந்த இரண்டு எழுத்துகளுக்கு ‘ஆல்வேஸ் பிளாக்’, அதாவது என்றும் கறுப்பர், என்று விரிவும் கொடுத்தார்கள். தொகுப்பின் தலைப்பிலும் இதே குறும்புதான்: 2015-இல் இஸ்லாமிய எதிர்ப்புப் பேரணிகளை நடத்திய இயக்கத்தின் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

தென்கடல்:
பாடகர் டேன் சுல்தானுடன் இவர்கள் பாடிய ‘ஜனவரி 26’ பாடலைச் சொல்லாமல் விட முடியாது. 1788-இல் பிரிட்டிஷ் கப்பற்படை சிட்னியில் கொடியேற்றிய அந்த நாள் ஆஸ்திரேலியாவின் தேசிய விடுமுறை. பழங்குடியினருக்கோ அது நிலம் பறிபோன நாள். 1938-இலேயே அவர்கள் சிட்னியில் அதைத் துக்க நாளாக அனுசரித்திருக்கிறார்கள். அந்தக் கசப்பை இவர்கள் ஒப்பாரியாகப் பாடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. தொண்ணூறுகளின் கலிஃபோர்னிய ராப்பை நினைவூட்டும், தோளைக் குலுக்க வைக்கும் மெட்டு அது. விடுமுறை நாளில் கொல்லைப்புறத்தில் இறைச்சி வாட்டுபவர்கள் ஒலிக்கவிடக்கூடிய மெட்டிலேயே அந்த விடுமுறையைக் கேள்வி கேட்டார்கள். ட்ரிப்பிள் ஜே வானொலியின் நேயர்கள் ஆண்டின் சிறந்த பாடல்களைத் தேர்ந்தெடுக்கும் ‘ஹாட்டஸ்ட் 100’ வாக்கெடுப்பில் அது 16-ஆம் இடம் பிடித்தது. அந்தப் பட்டியல் ஒலிபரப்பானதும் ஜனவரி 26 அன்றுதான். பிறகு இந்தப் பாடலே அந்த ஒலிபரப்பின் தேதியை மாற்ற வைத்தது.

தாளக்கட்டு:
கடைசி வரியை மட்டும் சற்றுத் திருத்த வேண்டும். தேதியை மாற்றக் கோரும் இயக்கம் பாடலுக்கு முன்பே இருந்தது. நேயர்களிடம் கருத்துக் கேட்ட பிறகே, 2017 நவம்பரில் வானொலி மாற்றத்தை அறிவித்தது. பாடல் அந்தக் கோரிக்கைக்கு வலுச் சேர்த்தது என்று சொல்லலாம்.

முகிலன், இவர்களுக்கு முன்னோடிகளும் உண்டு. நியூகாசிலின் ‘லோக்கல் நாலெட்ஜ்’ குழு 2000-களின் தொடக்கத்திலேயே பழங்குடி அடையாளத்தை உரக்கப் பாடியது. அது பிரிந்த பிறகு, அதிலிருந்த ஜோயல் வெனிடாங் தம் சகோதரி நயோமியுடன் ‘தி லாஸ்ட் கினெக்‌ஷன்’ குழுவைத் தொடங்கினார்.

முகிலன்:
இருவருக்கும் நன்றி. இன்றிரவு ‘ஷெப்லைஃப்’ தொகுப்பிலிருந்து தொடங்கி, ‘ரிக்ளெய்ம் ஆஸ்திரேலியா’வை அதன் பிறகு மீண்டும் கேட்கப் போகிறேன்.