சர்க்கரையை அவாவும் கணு: உடனே ஒரு சொல் வேண்டும்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.
லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) நோயாளிகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய உதவும் ஸ்கேன்களை ஒப்பிடும் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். சி.டி. நிணநீர்க்கணுவின் அளவைப் பார்க்கிறது, நீளவாக்கில் 1.5 செ.மீ.யைத் தாண்டினால் சந்தேகம். பெட் ஸ்கேனோ, கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையைக் கணு எவ்வளவு இழுத்துக்கொள்கிறது என்று பார்க்கிறது. இந்த இழுக்கும் தன்மைதான் ஆங்கிலத்தில் 'அவிடிட்டி' (avidity). அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறேன். 'சர்க்கரை ஏற்பு' என்று எழுதிவைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

-----

தம்பி,
கை நீட்டி வாங்குவது ஏற்பு. இந்தக் கணு பறிக்கிறதே! 'அவா' இருக்க ஏன் அலைகிறீர்கள்? அவிடிட்டியின் லத்தீன் வேர் 'அவேரே', ஆசைப்படுதல். நம் 'அவாவு'க்கும் அதே பொருள், கிட்டத்தட்ட அதே ஒலி. தற்செயல் என்று நான் நம்பமாட்டேன். 'சர்க்கரையவா' என்று போடுங்கள்.

-----

ஐயா, ஒலி ஒத்தாலே உறவென்றால் நம் 'ஒன்று'க்கும் ஆங்கில 'ஒன்'னுக்கும் கல்யாணமே செய்துவைக்கலாம். அதோடு, இதை எவராவது 'அவாவுநிலை' என்று நீட்டி, அடுத்தவர் 'அவாய்நிலை' என்று திருத்திவிடுவார். 'கொண்டு வா' என்றதும் 'எதை?' என்று மனம் கேட்கிறதே, அது அவாய்நிலை. இலக்கணக்காரர் சொத்து. 'இரண்டாம் நிலை நோய், அவாய்நிலை மிகுதி' என்று ரிப்போர்ட் வந்தால் நான் பொறுப்பல்ல.
அப்புறம், 'கணு' எதற்கு? வீட்டில் எல்லாரும் நெறிக்கட்டி என்றுதானே சொல்கிறோம்?

-----

சண்டைக்கு நடுவே வருகிறேன், மன்னிக்கவும். வீங்கினால்தான் நெறிக்கட்டி, வீங்காத கணுவும் உடம்பெங்கும் இருக்கிறது. வீங்காமலே நோய் பிடித்த கணுவையும் பெட் காட்டிக்கொடுக்கும். அங்கேதான் அது சி.டி.யை முந்துகிறது.
அவா வேண்டாம். "இனிப்பு நிறையத் தின்றதால் வந்ததா டாக்டர்?" என்று குரல் கம்மக் கேட்டவர்கள் உண்டு. அவா என்று அச்சடித்தால் அந்தப் பழியை நாமே உறுதி செய்ததாகும். மூளை எப்போதும் சர்க்கரையை இழுக்கும். சிறுநீர்ப்பையும் படத்தில் பளிச்சென்று தெரியும், ஏற்றிய சர்க்கரை வெளியேறும் வழி அதுதான். காசநோய்க் கணுவும் இழுக்கும். ஆகவே சொல்லில் நோய் வாடை கூடாது. சிகிச்சையின் பலனைப் பார்க்கும் டோவில் அளவுகோலில் 5 படிகள். அதில் 4, 5 என்பதே ஈரலைவிட எவ்வளவு கூடுதலாக இழுக்கிறது என்பதுதான். ஈரலுக்கும் அவா என்பீர்களா?
எதிர்ச்சொல்லும் வேண்டும். விளிம்பு மண்டல லிம்போமா போன்ற சில வகைகள் சர்க்கரையை அவ்வளவாக இழுப்பதில்லை. அவற்றுக்கு சி.டி.யே போதும் என்றுதான் லிம்போமாவின் நிலையை வகுக்கும் 2014 லுகானோ வகைப்பாடு சொல்கிறது.

-----

'அவாவறுத்த லிம்போமா'! துறவு பூண்ட கட்டி! (சரி, விளையாட்டு. 'ஈர்ப்பு' என்றால் என்ன குறை?)

-----

ஈர்ப்பு நியூட்டனோடு போய்விட்டது. கணு என்ன கோளா?

-----

ஐயா, காந்தமும்தான் ஈர்க்கிறது. நானும் ஈர்ப்புக்கே.

-----

அனைவருக்கும் நன்றி. ஈர்ப்புக்கு நான்கு பேர், அவாவுக்கு ஐயா ஒருவர். மற்றவர்கள் தூங்கிவிட்டீர்கள் போல. பெயர்ச்சொல்லே போடாமல், 'சர்க்கரையை நன்றாக ஈர்க்கும் வகை', 'அவ்வளவாக ஈர்க்காத வகை' என்று எழுதி அனுப்பிவிட்டேன். எம்.ஆர்.ஐ. பத்தியில் இந்தச் சிக்கல் இல்லை. அதில் கதிர்வீச்சும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது.

-----

வினையை வைத்து ஒப்பேற்றுவது கலைச்சொல்லாக்கம் ஆகாது. என் மறுப்பைப் பதிந்துகொள்க. கையேட்டில் 'நிலை' என்று போட்டிருக்கிறீர்களே, 'கட்டம்' அல்லவா சரி?

-----

ஐயா, அதற்குத் தனி இழை தொடங்குங்கள். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்.